பல்லாங்குழி உலாவி விளையாட்டு: திரையை எப்படிச் சரிசெய்யலாம்?

#1 புளியங்கொட்டை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எட்டு மாசமா, ராத்திரி வேலை முடிஞ்ச பிறகு உட்கார்ந்து உலாவியிலேயே ஆடுற பல்லாங்குழி ஒண்ணு செஞ்சிருக்கேன். செயலி எதுவும் இறக்க வேண்டாம், இணைப்பைத் திறந்தா ஆடலாம். எங்க வீட்டு முறைதான்: வரிசைக்கு ஏழா 14 குழி, குழிக்கு 5 காய், மொத்தம் 70. கையில் காய் தீர்ந்தா அடுத்த குழியை அள்ளித் தொடரணும். அடுத்தது வெறுங்குழின்னா அதைத் துடைச்சு அதுக்கு அடுத்த குழியில் இருக்கறதை எடுத்துக்கணும், அதோட முறை முடிஞ்சது. குழியில் 4 சேர்ந்தா பசு, அது குழிக்குச் சொந்தக்காரருக்கு.

விதியெல்லாம் சரியா ஓடுது. திரைதான் சரியில்லை. போன ஞாயித்துக்கிழமை பெரியம்மாகிட்ட போனைக் குடுத்தேன். அறுபது வருஷமா பல்லாங்குழி ஆடுறவங்க. மூணாவது குழியைத் தொட்டாங்க. விரல் குழியை முழுசா மறைச்சுது. விரலை எடுக்கறதுக்குள்ள காய் எல்லாம் ஓடி முடிஞ்சு எதிராளி முறை வந்துடுச்சு. "எங்கடி போச்சு காய்? நான் எங்க போட்டேன்?"ன்னு கேட்டாங்க. நான் விளக்கினேன். இன்னொரு தடவை தொட்டாங்க, அதே கதை. போனைத் திருப்பிக் குடுத்துட்டு அடுக்களைக்குப் போயிட்டாங்க.

பெரியம்மாவுக்கே புரியலைன்னா இதை நான் யாருக்காகச் செய்யறேன்? இப்போ இருக்கற நிலைமை: பின்னணியில் தேக்குப் பலகைப் படம், குழிக்கு நிழல், பழுப்பு நிறத்தில் புளியங்கொட்டை, ஒரு காய் விழ 80 மில்லிவினாடி, குழிக்கு மேல எண். அடியோட மாத்தச் சொன்னாலும் பரவாயில்லை, தயங்காம சொல்லுங்க.

#2 நிறப்பிரிகை எழுதியது:

ஆடிப் பார்த்தேன். முதலில் பாராட்டு, எட்டு மாத உழைப்பு தெரிகிறது. இப்போது கண் எங்கே போகிறது என்று சொல்கிறேன். என் கண் முதலில் போனது பலகையின் மர ரேகைக்கு. அடுத்து மூலையில் மின்னும் "புதிய ஆட்டம்" பொத்தானுக்கு. காய்களுக்கு வந்தது மூன்றாவதாகத்தான். இந்த விளையாட்டில் காயைத் தவிர பார்க்க வேண்டியது எதுவுமே இல்லை.

பழுப்புப் பலகையில் பழுப்புக் கொட்டை. அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி நெறிமுறை, திரையில் பொருள் தரும் உருவங்களுக்கு பக்கத்து நிறத்தோடு குறைந்தது 3:1 மாறுபாடு வேண்டும் என்கிறது; சாதாரண எழுத்துக்கு 4.5:1. உங்கள் கொட்டை 3க்குக் கீழேதான் இருக்கும், அளந்து பாருங்கள். இரண்டு வழி. குழியின் அடித்தளத்தை வெளுத்த மரநிறமாக்கலாம், அல்லது கொட்டைக்குப் பதில் வெள்ளைச் சோழி போடலாம். உங்கள் பெயரே புளியங்கொட்டை, அதனால் முதல் வழியைச் சொல்கிறேன்.

அதைவிட முக்கியமானது ஒன்று. நீங்கள் காய்களைக் குழிக்குள் சிதறலாக இறைத்திருக்கிறீர்கள். இயல்பாகத் தெரியட்டும் என்று செய்தது புரிகிறது. ஆனால் நாலு வரைக்கும் மனிதக் கண் எண்ணாமலே அறிந்துகொள்ளும், அதற்கு மேல்தான் எண்ண வேண்டியிருக்கும். பல்லாங்குழியின் பசுவும் நாலுதான்! மூன்று காய் இருக்கும் குழிதான் பலகையிலேயே சூடான இடம், இன்னொன்று விழுந்தால் பசு. சிதறலில் மூன்றும் நாலும் ஒரே குப்பையாகத் தெரிகிறது. ஒன்றன்மேல் ஒன்று படாமல் இடம் ஒதுக்குங்கள். மூன்று என்றால் அடுப்புக்கல் மாதிரி முக்கோணம், நாலு என்றால் சதுரம், ஐந்து என்றால் சதுரத்தின் நடுவில் ஒன்று. ஒவ்வொன்றையும் சில பாகை திருப்பி வைத்தால் கையால் போட்டது போலவே இருக்கும்.

#3 சோழிமுத்து எழுதியது:

அம்மா, நான் கணினி ஆள் இல்லை. திருநெல்வேலிப் பக்கம், ஆச்சியிடம் ஆடப் பழகியவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆச்சி காயை அள்ளும்போது குழியில் நகம் உரசும் சத்தம் கேட்கும். பிறகு உள்ளங்கையை லேசாக மூடிக்கொண்டு, கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி விடுவாள். டக், டக், டக். அந்தச் சத்தத்திலேயே நாங்கள் எண்ணிவிடுவோம். கையில் இன்னும் எத்தனை இருக்கிறது என்பது விரல் மூடியிருக்கும் பருமனில் தெரியும். எதிரே இருப்பவர் அதைப் பார்த்துக்கொண்டே, "ஐயையோ, அங்கே முடியப்போகிறதே" என்று முன்கூட்டியே பதறுவார். உங்கள் திரையில் கையே இல்லை. காய் குழியிலிருந்து குழிக்குத் தானாகப் பறக்கிறது. கையில் மீதி எத்தனை என்று எங்கேயும் காட்டவில்லை. உங்கள் பெரியம்மா கேட்ட கேள்வி இதனால்தான் வந்தது என்று நினைக்கிறேன்.

அடுத்தது பசு. எங்கள் வீட்டில் பசு விழுந்தால் அந்தக் குழிக்காரர்தான் பார்த்து எடுக்க வேண்டும். பேச்சு சுவாரசியத்தில் விட்டுவிட்டால், அடுத்த சுற்றில் இன்னொரு காய் விழுந்து ஐந்தாகிவிடும், பசு போச்சு. ஆட்டத்தில் பாதி விழிப்பு இதில்தான். நீங்கள் பசுவைத் தானாகவே எடுத்துக் கணக்கில் சேர்த்துவிடுகிறீர்கள். எதிராளி ஆடும்போது நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு வேலையே இல்லையே, அம்மா.

#4 முன்முகப்பு எழுதியது:

சோழிமுத்து ஐயா சொன்ன பசு விஷயம் இந்த இழையிலேயே பெரிய விஷயம். அதுக்குப் பின்னால வர்றேன்.

நான் வலைப்பக்கத்துல கண்ணுக்குத் தெரியற பகுதியைச் செய்யற முன்முகப்பு வேலை பாக்கறவன், அதனால அளவுக் கணக்கு. 360 பிக்சல் அகலப் போன்னு வைங்க. ரெண்டு ஓரமும் 8 விட்டா 344. ஏழு குழிக்கு நடுவுல ஆறு இடைவெளி, ஒவ்வொண்ணுக்கும் 6 பிக்சல், 36 போச்சு. மிச்சம் 308. ஒரு குழிக்கு 44 பிக்சல். தொடுறதுக்கு டபிள்யூசிஏஜி 2.2 சொல்ற குறைந்தபட்சம் 24, கடுமையான நிலைக்கு 44. தொட முடியும், சரி. ஆனா 44 பிக்சல் வட்டத்துக்குள்ள பன்னிரண்டு புளியங்கொட்டை எப்படித் தெரியும்? விரல் நுனியே அதைவிடப் பெருசு. பெரியம்மா விரல் குழியை மறைச்சதுக்கு இதுதான் காரணம்.

பலகையை நிமிர்த்துங்க. ஏழேழா ரெண்டு நெடுவரிசை. 640 உயரத்துல உலாவிப் பட்டை, மேல கீழ பெயர், கணக்கு எல்லாம் போக 460 கிடைச்சாலும் ஒரு குழிக்கு 60க்கு மேல வரும். என் வரிசை வலதுபக்கம், கட்டைவிரல் எட்டுற இடத்துல. சுற்றும் திசையும் மாறாது: கீழ் வரிசையில இடமிருந்து வலம் போனது இப்போ வலது நெடுவரிசையில கீழேருந்து மேல போகும், அவ்வளவுதான்.

இன்னொண்ணு. பலகை உயரத்துக்கு 100விஎச், அதாவது முகவரிப்பட்டையைக் கணக்குல எடுக்காத முழுத்திரை உயரம், போட்டிருக்கீங்க. போன் உலாவியில முகவரிப்பட்டை தெரியும்போது கடைசிக் குழி திரைக்குக் கீழ போயிடுது. 100டிவிஎச் போடுங்க, பட்டை வந்தாலும் போனாலும் அதுக்கேத்த மாதிரி உயரம் மாறும். பெரிய உலாவிகள்ல எல்லாம் 2022லேருந்தே இருக்கு.

#5 நிறப்பிரிகை எழுதியது:

முன்முகப்பு, கணக்கு சரி. நிமிர்த்துவதில் எனக்கு உடன்பாடில்லை. பல்லாங்குழி என்றால் நடுவில் பலகை, இரண்டு பக்கமும் இருவர் எதிரெதிரே. என் வரிசை என் மடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பக்கவாட்டில் நிறுத்தினால் இது என் வரிசை என்ற உணர்வே போய்விடும். பிறகு நிறம் பூசித்தான் காட்ட வேண்டியிருக்கும். இப்போதே சிவப்பு, பச்சை என்று பூசியிருக்கிறார். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் நிறைய உண்டு. வேர்டில் என்ற சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டில் பச்சை மஞ்சளுக்கு மாற்றாக ஆரஞ்சும் நீலமும் வரும் அமைப்பு வைத்திருப்பது இதற்காகத்தான்.

போனைக் கிடைமட்டமாகப் பிடிக்கச் சொல்லலாமே?

#6 முன்முகப்பு எழுதியது:

பஸ்ல ஒத்தைக் கையால பிடிச்சு ஆடுறவங்க திருப்ப மாட்டாங்க. திரை திரும்பாம பூட்டி வெச்சிருப்பாங்க, "போனைத் திருப்புங்கள்"னு செய்தி வந்தா பக்கத்தை மூடிடுவாங்க. நான் அப்படி மூடியிருக்கேன்.

ஆனா "என் வரிசை"ங்கற உணர்வு பத்தி நீங்க சொன்னது நியாயம். நிறம் வேண்டாம். என் நெடுவரிசைக் குழிகளை எதிராளியோடதைவிடக் கொஞ்சம் பெருசா வைக்கலாம், 64க்கு 54 மாதிரி. நம்ம பக்கத்துல இருக்கறது நமக்குப் பெருசாத்தானே தெரியும்? மேசைக் கணினியிலயும் போனைத் திருப்பிப் பிடிச்சாலும் பழைய கிடைமட்டப் பலகை. பக்கத்தைக் கட்டம் கட்டமா அடுக்கற சிஎஸ்எஸ் கிரிட்தான் ரெண்டுக்கும், திரை அளவைப் பாத்து அடுக்கை மாத்தற ஊடக வினவல் ஒண்ணு போதும்.

#7 ஈப்போவாசி எழுதியது:

மலேசியாவில் இருந்து எழுதுகிறேன். இங்கே பள்ளியில் மலாய்ப் பிள்ளைகளோடு சோங்காக் ஆடி வளர்ந்தோம், வீட்டில் பாட்டியோடு பல்லாங்குழி. சோங்காக்கிலும் பக்கத்துக்கு ஏழு குழி இருக்கும், ஆனால் பலகையின் இரு முனையிலும் ஆளுக்கொரு பெரிய குழி உண்டு, அதை வீடு என்பார்கள். போட்டுக்கொண்டு போகும்போதே நம் வீட்டிலும் ஒரு காய் போட்டுவிட்டுப் போவோம். அதனால் சோங்காக் திரையில் வெற்றிக் கணக்கு ஆட்டப் பாதையிலேயே இருக்கிறது, கண் தானாக அங்கே போகும்.

பல்லாங்குழியில் ஜெயித்த காய் பாதைக்கு வெளியே, மடியிலோ தரையிலோ குவியும். நீங்கள் அதை மேல் மூலையில் "புள்ளிகள்: 23" என்று எழுத்தாகக் காட்டுகிறீர்கள். காயாகவே குவியுங்கள். என் குவியல் என் பக்கம் கீழே, எதிராளியுடையது மேலே. அடுத்த சுற்றுக்கு அந்தக் குவியலிலிருந்துதானே குழிகளை நிரப்பப் போகிறோம்? யாருக்குக் குழி நிரம்பாது என்பது குவியலைப் பார்த்தாலே தெரிய வேண்டும். பாட்டி அப்படித்தான் பார்த்துச் சிரிப்பார்.

#8 புளியங்கொட்டை எழுதியது:

படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுத முடியலை. ஆச்சியோட கட்டைவிரல் பத்தி ஐயா எழுதினதைப் பெரியம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். "அதேதான், அதேதான்"னாங்க.

முடிவு பண்ணினது: மரப் படத்தை எடுத்துட்டேன், குழி அடித்தளம் வெளுப்பு, காய்க்கு நிலையான இடம். திரையோரத்தில் ஒரு "கை" வருது. அள்ளின காய் அங்க போய், ஒவ்வொண்ணா இறங்கும்.

ரெண்டு கேள்வி. ஒண்ணு, குழிக்கு மேல எண் காட்டலாமா வேண்டாமா? ரெண்டு, தமிழ் எழுத்து பொத்தானுக்குள்ள சரியா உட்கார மாட்டேங்குது. "மீண்டும்" மேலே வெட்டுது, "முறை" கீழே வெட்டுது. ஆங்கிலத்தில் போட்டா சரியா இருக்கு. எழுத்துருவை மாத்தணுமா?

#9 தாழ்வாரம் எழுதியது:

எண் பற்றி நான் பேச வேண்டும். எனக்குப் பார்வை குறைவு, திரையைப் பெரிதாக்கித்தான் படிப்பேன். உங்கள் பக்கத்தில் இரண்டு விரலால் விரித்தால் பெரிதாவதில்லை. பக்கத்தைத் திரை அளவுக்குப் பொருத்தும் வியூபோர்ட் வரியில் அதைத் தடுத்திருக்கிறீர்கள். தயவுசெய்து அந்தத் தடையை எடுத்துவிடுங்கள். விளையாட்டில் தவறுதலாகப் பெரிதாகிவிடும் என்று பயந்து பலரும் போடுவது அது. எங்களுக்குக் கதவைச் சாத்துகிற வரி.

குழிகள் எல்லாம் நிரலில் வெறும் டிவ் ஆக, அதாவது இன்னதென்று சொல்லாத பெட்டியாக இருக்கின்றன. பட்டனாக மாற்றினால், திரையில் இருப்பதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பான் "உங்கள் மூன்றாம் குழி, ஐந்து காய்" என்று சொல்ல வைக்கலாம், விசைப்பலகையிலும் ஆடலாம். எண் இல்லாமல் ஆடுவதுதான் அழகு என்று சிலர் சொல்வார்கள், அது அவர்கள் விருப்பம். எனக்கு எண் இருந்தால்தான் ஆட்டமே.

#10 சோழிமுத்து எழுதியது:

எண் வேண்டாம் என்று எழுத வந்தேன். தாழ்வாரம் எழுதியதைப் படித்த பிறகு அப்படி எழுத மனம் வரவில்லை. கண்ணால் மதிப்பிடுவது ஆட்டத்தின் திறமை, அது உண்மை. ஆச்சிக்கும் கடைசிக் காலத்தில் கண் மங்கியது. அப்போது குழியில் விரலை விட்டுத் தடவி எண்ணுவாள். நாங்கள் யாரும் தடுத்ததில்லை. அதுபோல, குழியை அழுத்திப் பிடித்தால் எண் தெரியட்டும். எப்போதும் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு அமைப்பில் ஒரு வழி இருக்கட்டும்.

#11 மெய்யெழுத்து எழுதியது:

எழுத்துரு மீது பழி போடாதீர்கள். உங்கள் வரி உயரம் எழுத்தளவில் 1.1 மடங்கு என்று இருக்கிறது, பொத்தானில் மிஞ்சுவதை மறைக்கும்படியும் எழுதியிருக்கிறீர்கள். லத்தீன் பெரிய எழுத்துக்கு அது போதும். தமிழில் மேலே "மீ" கொக்கி, கீழே "மு" வால், இரண்டுக்கும் இடம் வேண்டும். 1.5 அல்லது 1.6 வையுங்கள், மறைப்பதை எடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேடமரன் எதுவானாலும் பிறகு சரியாக உட்காரும். எண்ணும் எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் வருவதால் முக்த மலர் எனக்குப் பிடிக்கும்.

நிலையான அகலப் பொத்தானும் வேண்டாம். ஆங்கிலத்தில் நாலெழுத்தில் முடிவது தமிழில் "மறுபடி ஆடு" ஆகிறது. அகலத்தை உள்ளடக்கம் தீர்மானிக்கட்டும். வலியுறுத்த வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்குவார்கள், நமக்கு அந்த வசதி இல்லை. எழுத்தின் தடிமனையும் சுற்றியுள்ள வெற்றிடத்தையும் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

என்னை உண்மையில் உறுத்தியது வேறு. மேலே "செல்விஇன் முறை" என்று வருகிறது. பெயர் மாறிக்கு அடுத்து "இன்" என்று ஒட்டியிருக்கிறீர்கள். தமிழில் உருபு அப்படி ஒட்டாது. செல்வி என்றால் செல்வியின், குமார் என்றால் குமாரின், பாபு என்றால் பாபுவின். ஒவ்வொரு ஈற்றுக்கும் நிரல் எழுதுவதைவிட, உருபே தேவைப்படாத வாக்கியம் அமையுங்கள். "ஆடுபவர்: செல்வி". இன்னும் நல்லது, அந்தப் பக்கப் பெயரை மட்டும் தடித்துக் காட்டி, கையை அவர் பக்கம் நிறுத்தினால் சொல்லே தேவையில்லை. "1 காய்கள்" என்று வருவதும் இதே வகை. "காய்" என்றே எல்லா எண்ணுக்கும் வைக்கலாம். "அஞ்சு காய் குடு" என்றுதானே பேசுகிறோம்?

#12 முன்முகப்பு எழுதியது:

வேகத்துக்கு வர்றேன். நீளமான முறையில 40 காய் வரைக்கும் விழறதைப் பார்த்தேன். 80 மில்லிவினாடின்னா எல்லாம் சேர்ந்து 3.2 வினாடி. கண்ணுக்குத் தெரியாது. 400 வெச்சா 16 வினாடி, சோர்வாயிடும். என் யோசனை: காய்க்கு 250. கை தீர்ந்து அடுத்த குழியை அள்ளும்போது மட்டும் அரை வினாடி நிறுத்தம். ஏன்னா அங்கதான் ஆட்டம் திரும்புது, "இன்னும் போகுதா, முடிஞ்சுதா"ன்னு மனசு கேக்கற இடம் அது. பலகைக்கு வெளியே எங்க தொட்டாலும் வேகம் இரட்டிப்பாகட்டும்.

பசு: எதிராளி ஆடும்போது நாலு சேர்ந்த என் குழியை நான் தொட்டாத்தான் எனக்கு. 250 வேகத்துல அதுக்கு நேரம் இருக்கு, காய் திரும்ப அந்தக் குழிக்கு வர்றதுக்குள்ள தொட்டாப் போதும். புதுசா ஆடுறவங்களுக்கும் தாழ்வாரம் மாதிரி ஆடுறவங்களுக்கும் தானா எடுக்கற முறை இருக்கட்டும், ஆட்டம் தொடங்கும்போதே ரெண்டு பேரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கட்டும். நடுவுல மாத்த விடாதீங்க, சண்டை வரும்.

முறை முடிஞ்ச பிறகு கடைசியா காய் விழுந்த குழியிலயும் துடைச்ச குழியிலயும் ஒரு மெல்லிய வளையம் நிக்கணும். லிசெஸ்ங்கற இணையச் சதுரங்கத் தளத்துல கடைசி நகர்வோட ரெண்டு கட்டமும் நிறம் மாறி நிக்குமே, அதே மாதிரி. ஒரு நொடி வேற எங்கயோ பாத்துட்டுத் திரும்பினவருக்கு என்ன நடந்ததுன்னு தெரியணும்.

சத்தம்: பக்கம் திறந்தவுடனே ஒலி ஓடாது, பயனர் ஒரு தடவை தொட்ட பிறகுதான் உலாவி அனுமதிக்கும். "தொடங்கு" பொத்தானைத் தொடும்போது ஒலியைத் தயார் பண்ணிடுங்க. அசைவைக் குறைக்கச் சொல்லி போன் அமைப்புல வெச்சிருக்கறவங்களுக்குக் காய் பறக்காம, குழியில மட்டும் தோன்றட்டும். எழுபது காய்க்கும் தனித்தனி நிழல் வடிப்பான் போட்டிருக்கீங்க, பழைய போன் திணறுது. நிழலைக் காய்ப் படத்துக்குள்ளேயே வரைஞ்சிடுங்க. காயை நகர்த்த சிஎஸ்எஸ்ல லெஃப்ட், டாப் வேண்டாம், டிரான்ஸ்ஃபார்ம் மட்டும், அது போனுக்கு லேசு.

#13 ஈப்போவாசி எழுதியது:

சத்தத்துக்கு ஒரு வேண்டுகோள். வெறுங்குழியில் விழும் முதல் காயின் சத்தமும், காய் மேல் காய் விழும் சத்தமும் வேறு. மரத்தில் ஒன்று, கொட்டையில் ஒன்று. இரண்டையும் தனியாகப் பதிவு செய்யுங்கள்.

#14 புளியங்கொட்டை எழுதியது:

மூணு வாரம் ஆச்சு, எழுதாததுக்கு மன்னிக்கணும். ஈப்போவாசி சொன்ன மாதிரி பெரியம்மா பலகையிலேயே பதிவு பண்ணினேன். ராத்திரி பதினோரு மணிக்கு, மின்விசிறியை அணைச்சுட்டு, அவங்க கையால. வெறுங்குழிக்கு ஏழு பதிவு, காய் மேல காய்க்கு ஒன்பது. மாறி மாறி ஒலிக்குது.

பலகை போனில் நிமிர்ந்து நிக்குது, என் பக்கக் குழி 64, எதிர்ப்பக்கம் 54. நிறப்பிரிகை, பாத்துட்டுச் சொல்லுங்க. உங்களுக்கு உறுத்தினா திரும்பப் பேசலாம். பெரிதாக்கும் தடையை எடுத்தாச்சு, குழியெல்லாம் பட்டன். "ஆடுபவர்" கூட இல்லை இப்போ, கை எந்தப் பக்கம் இருக்கோ அவர் முறை.

நேத்து பெரியம்மா ஆடினாங்க. குழியைத் தொட்டதும் காய் அஞ்சும் ஏறி ஓரத்துல இருக்கற கைக்குப் போச்சு. அவங்க விரலை எடுக்கற வரைக்கும் ஒண்ணும் நகராது, அதையும் சேர்த்திருக்கேன். விரலை எடுத்ததும் டக், டக்னு விழ ஆரம்பிச்சுது. உதடு அசைய எண்ணினாங்க. என் முறையில அவங்க நாலாம் குழியில பசு சேர்ந்துது. நான் சொல்லலை. ரெண்டு காய் விழற நேரம்தான் இருக்கும், திரையைப் பட்டுனு தட்டி எடுத்துட்டாங்க. "என்னை ஏமாத்தப் பாக்கறியா?"ன்னு கேட்டாங்க. அப்புறம் நாலு ஆட்டம். மூணுல நான் தோத்தேன்.

#15 தாழ்வாரம் எழுதியது:

இன்று காலை திரைவாசிப்பானோடு ஒரு ஆட்டம் முழுதாக ஆடி முடித்தேன். குழி, எண் எல்லாம் சரியாகச் சொல்கிறது. ஒன்று மட்டும்: எதிராளி ஆடும்போது ஒவ்வொரு காய்க்கும் அறிவிப்பு வருகிறது. நாற்பது அறிவிப்பு வரிசையில் நின்று, முறை முடிந்த பிறகும் பேசிக்கொண்டே இருக்கிறது. முறை முடிந்ததும் ஒரே வரியாகச் சொன்னால் போதும்: "எதிராளி இரண்டாம் குழியில் தொடங்கி உங்கள் ஆறாம் குழியைத் துடைத்தார், ஏழு காய் எடுத்தார்." நடுவில் காயின் சத்தமே எனக்குப் போதும், அது தெளிவாகக் கேட்கிறது.

#16 புளியங்கொட்டை எழுதியது:

இன்னிக்கு ராத்திரி மாத்திடறேன். பசு சேர்ந்தா மட்டும் உடனே சொல்லட்டுமா, இல்லை அதுக்கும் தனியா ஒரு சத்தம் வைக்கலாமா?

#17 தாழ்வாரம் எழுதியது:

சத்தம் வையுங்கள். சின்ன மணி ஒன்று. அதைக் கேட்டு நானே எடுத்துக்கொள்கிறேன். அடுத்த ஆட்டத்தில் தானாக எடுக்கும் முறை எனக்கு வேண்டாம்.